திங்கள் காலை ஒன்பது ஐந்து முதல் செல்லும் சுற்றுலா கார்டு

எங்கள் பக்கத்துத் தாமல் ஊரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அவருடைய மகனும் புடாபெஸ்டில்தான் படிக்கிறானாம், நல்லபடியாக இருக்கிறானாம். அடுத்த மாதம் பார்க்கப் போகிறார்கள். குளிருக்கு என்ன எடுத்துப் போவது, ஊறுகாய் விடுவார்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அங்க டூரிஸ்ட் கார்டுன்னு ஒண்ணு விக்கறாங்களாமே. மூணு நாளைக்கு டிராமு, பஸ்ஸு, மியூசியம் எல்லாம் அதுலயே பூந்துக்கலாமாம். வாங்கினா தேறுமாங்க?" என்றார்.

தேறும், தேறாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்தப் பதில் இதுதான். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் மகள் நித்யா அங்கே முதுகலை படிக்கிறாள். போன கார்த்திகையில், இங்கே மழை கொட்டி ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்துகொண்டிருந்த வாரம், அவளோடு அறையில் தங்கியிருக்கும் ஸ்ரவந்தி போன் செய்தாள். நித்யாவுக்குக் குடல்வால் வெடித்து, ஆபரேஷன் முடிந்து, நான்கு நாள் ஆகியிருந்தது. "ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா ஆன்ட்டி. இன்னிக்கும் ஜுரம் எறங்கல. எனக்கு பயமா இருக்கு" என்றாள். அந்த நான்கு நாளும் நித்யா எனக்கு வாட்ஸப்பில் சாப்பிட்டேன், தூங்கினேன், இன்று நல்ல வெயில் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு முன் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம் என்று வாங்கிய விசா கையில் இருந்தது. என் கணவருக்கு பாஸ்போர்ட் இல்லை. "மாட்ட யாரு பாக்கறது, நீ போய்ட்டு வா அரசி" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக் கொட்டகைக்குப் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு ஸ்ரவந்தி வந்திருந்தாள். நெல்லூர்ப் பக்கத்துப் பெண், சென்னையில் நான்கு வருஷம் படித்தவள். வழியெல்லாம் என் கையை விடவில்லை. மெட்ரோ ரயிலுக்கு இறங்கும் இடத்தில் மட்டும் நானே கையை உதறிக்கொண்டேன். அங்கே எஸ்கலேட்டர் கிணறு மாதிரி கீழே போகிறது. அடி தெரியவில்லை. வேகமோ நம் ஊர் மால்களில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. கைக்குழந்தையோடு ஒரு பெண் அதில் நடந்தே இறங்கினாள். நான் இரண்டு முறை காலை வைக்கப் போய் இழுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் பெரிய வரிசை சேர்ந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டாக இருந்தால் இந்நேரம் நாலு பேர், "எம்மா, ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு" என்று கத்தி என்னைத் தள்ளியே விட்டிருப்பார்கள். கடைசியில் மஞ்சள் நிற டிராமில் சுற்றிக்கொண்டு போனோம்.

ஒவ்வொரு வண்டியிலும் ஸ்ரவந்தி ஒரு சீட்டை எடுத்துக் கம்பத்தில் இருந்த சிறு பெட்டிக்குள் சொருகி முத்திரை குத்தினாள். வண்டி மாறினால் இன்னொரு சீட்டு, இன்னொரு முத்திரை. "குத்த மறந்தா?" என்று கேட்டேன். "செக்கிங் வந்தா ஃபைன் ஆன்ட்டி. அவங்க யாரையும் பாவம் பாக்க மாட்டாங்க" என்றாள். அதன் பிறகு வண்டியில் ஏறிய ஒவ்வொருவரையும் செக்கிங்காக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிறு. மூன்று மணிக்குத்தான் ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். தட்டு, டம்ளர், ஸ்பூன் எல்லாம் நாமே கொண்டு போக வேண்டும் என்றாள் ஸ்ரவந்தி. நம் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூடையோடு போகிற மாதிரியே இருந்தது. வந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான். ரசம் வைத்து எடுத்துக்கொண்டேன்.

நித்யா கட்டிலில் கிடந்தாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. வயிற்றிலிருந்து ஒரு குழாய் வந்து பையில் இறங்கியது. என்னைப் பார்த்ததும், "இன்னாமா ஸ்வெட்டர் இது, யார்து?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரித்தால் வலித்தது. நான் அழவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வந்து ஸ்ரவந்தியிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். உள்ளே இன்னும் சீழ் இருக்கலாம். நாளை காலை பத்தரைக்கு ஸ்கேன். தேங்கியிருந்தால் மறுபடியும் திறக்க வேண்டியிருக்கும். நாளை மட்டும் அம்மா காலையிலேயே வரலாம்.

நாளை ஸ்ரவந்திக்குப் பரீட்சை. ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். நான் தனியாகப் போக வேண்டும்.

கட்டிலைச் சுற்றி நின்று நாங்கள் பேசியது இந்த கார்டைப் பற்றித்தான். "மூணு நாள் டூரிஸ்ட் கார்டு வாங்கிக்கமா. அதக் காட்டுனா போதும், முத்திரையெல்லாம் கெடையாது" என்றாள் நித்யா. வெறும் பயணச் சீட்டு மூன்று நாளைக்கு வாங்கினால் மலிவு, போனிலேயே வாங்கலாம் என்றாள் ஸ்ரவந்தி. "ஆன்ட்டி மியூசியமா பாக்கப் போறாங்க? அதுவும் திங்கக்கெழம பாதி மியூசியம் மூடித்தான் இருக்கும்." என் போனில் சார்ஜ் எப்போது நிற்கும், எப்போது போகும் என்று எனக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்துத் திரை கறுத்துப் போனால் என்ன செய்வேன்? அதைவிட, பெற்ற பெண் வயிற்றில் குழாயோடு கிடக்கும்போது கையில் சுற்றுலா என்று எழுதிய கார்டை வைத்துக்கொண்டு ஊரில் நடமாடுவது எனக்கு என்னவோ போல இருந்தது. வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஆனால் திரும்பும் வழியில், கடையில் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தபோது மனசு மாறிவிட்டது. கெட்டியான அட்டை. பின்பக்கம் பெயர் எழுத ஒரு கோடு, தொடங்கும் தேதியும் நேரமும் எழுத ஒரு கட்டம். கையால் எழுத வேண்டும். மொழி தெரியாத ஊரில் என் பெயர் போட்ட ஒரு காகிதம் என் கையில் இருக்கும். அந்தத் தைரியத்துக்காகத்தான் வாங்கினேன். கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "எப்போது கிளம்புகிறீர்களோ அந்த நேரத்தை எழுதுங்கள். அதிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது."

இதை எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. நான் எங்கள் கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக போஸ்ட் மாஸ்டர். தினமும் காலையில் தேதி முத்திரையை மாற்றி, ஒரு தாளில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். தேதியில் ஒரு இலக்கத்தைத் திருத்தினாலும் எங்கள் வேலையில் அது மோசடி. அதற்காக வேலை போனவர்களை எனக்குத் தெரியும்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து கார்டை நிரப்பினேன். மங்கையர்க்கரசி என்ற என் பெயர் அந்தக் கோட்டில் அடங்காமல் கட்டத்துக்குள் ஏறியது. தேதி, திங்கள். நேரம், 9.05.

"ஏன் ஆன்ட்டி அஞ்சு நிமிஷம்?" என்றாள் ஸ்ரவந்தி.

"ஏழரை ஒம்போது ராகு காலம் இல்ல? தள்ளி எழுதிக்கறேன். அஞ்சி நிமிஷம் கூடவே விட்டுக்கறது."

அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான்" என்றாள்.

போனில் என் கணவர்தான் சிரித்தார். "நம்மூரு ராகு காலமா, அந்தூரு ராகு காலமா?"

"நான் எங்க கீறனோ அந்தூருதுதான்."

"அங்க சூரியன் ஒதிக்கறதே ஏழு மணி ஆவுதுன்ற. கணக்கு மாறும்ல?"

"சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டேன். அவர் சிரித்தது அந்த வாரத்தில் அதுதான் முதல் முறை. அதனால் கோபம் வரவில்லை.

திங்கள் காலை ஏழே முக்காலுக்கு நித்யா கூப்பிட்டாள்.

"மா, எங்க கீற?"

"ரூம்லதான். நாஷ்டா பண்ணிக்கினு கீறேன். ஒம்போது அஞ்சிக்குக் கெளம்பிடுவேன்."

"இல்லமா. எட்டரைக்கே ஸ்கேனுக்கு எடுக்கறாங்களாம். சரியில்லன்னா அங்கேர்ந்து அப்படியே தியேட்டருக்கு இட்டுனு போய்டுவாங்களாம்." பிறகு, "நீ இப்பவே வரியா?"

பத்து வயசுக்கு மேல் அவள் என்னை எதற்கும் வரியா என்று கூப்பிட்டதில்லை. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினேன்.

டிராம் நிறுத்தத்தில் சீட்டு கொடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. திரையைத் தொட்டேன். அவர்கள் மொழியில் ஏதோ கேட்டது. இன்னொன்றைத் தொட்டேன். முதலில் கேட்டதையே மறுபடி கேட்டது. அதற்குள் டிராம் வந்துவிட்டது.

கைப்பையில் பேனா இருந்தது. ஒன்பதை எட்டாக்க ஒரு கோடு போதும். பேனாவை எடுத்து மூடியையும் கழற்றினேன். என் கை போகவில்லை. வேலைப் பழக்கம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது தோன்றியது வேறு: இன்றைக்கு நான் ஒரு தப்புச் செய்தால் அது அவள் வயிற்றில் போய் விழும். ராகு காலத்தில் கிளம்பியாகிவிட்டது. அதோடு இதையும் சேர்க்க வேண்டாம் என்று பேனாவை மூடினேன். இன்னும் தொடங்காத கார்டோடு வண்டியில் ஏறினேன்.

நான்காவது நிறுத்தம் தாண்டியதும், கதவு மூடியபின், என் வயசுப் பெண் ஒருத்தி கோட்டுப் பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கையில் மாட்டினாள். அதுவரை என் பக்கத்தில் நின்று சாதாரணமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள். செக்கிங்.

கார்டை வாங்கிப் புரட்டினாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி கார்டைப் பார்த்தாள். கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எட்டு பத்து.

"இது ஒன்பது ஐந்துக்குத்தான் தொடங்குகிறது" என்றாள் ஆங்கிலத்தில்.

"ஆஸ்பத்திரி. மகள். ஆபரேஷன்" என்றேன். எனக்கு வந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

"அது புரிகிறது. நீங்களேதானே எழுதினீர்கள்? ஏன் ஒன்பது ஐந்து?"

"ஒன்பதுக்கு முன்னால் நேரம் சரியில்லை."

"டிராம் நேரமா?"

"இல்லை. திங்கட்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பது. கெட்ட நேரம்."

அவள் அதைத் தன் மொழியில் திருப்பிச் சொன்னாள், யாருக்கு என்று தெரியவில்லை. பின் இருக்கையில் ஒருவர் சிரித்தார். வயதான அம்மா ஒருத்தி சிரித்தவரை அதட்டிவிட்டு, எனக்காக அந்தப் பெண்ணிடம் ஏதோ வாதாடினாள். பலிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணும் கூடவே இறங்கி பாஸ்போர்ட் கேட்டாள். அதைத் துணிப்பையில் போட்டு ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி வைத்திருந்தேன். நடுரோட்டில், குளிரில், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஊக்கைக் கழற்றினேன். விரல் மரத்துப்போய் ஊக்கு திறக்கவில்லை. விசாவை ரத்து செய்துவிடுவார்களோ, இங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, அவளைப் பார்க்காமலேயே விமானத்தில் ஏற்றிவிடுவார்களோ என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்காக அவளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அபராதம் கட்டினேன். ரசீது எழுதும்போது என் பெயரைப் பார்த்துவிட்டு, எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல் எழுதினாள். மங்கையர்க்கரசி என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள்மேல் அன்றுதான் கோபம் வந்தது. முடித்துக் கொடுக்கும்போது, "நேற்றைய தேதியோடு தினமும் நிறையப் பேர் வருகிறார்கள். இனி வரப்போகிற நேரத்தோடு வந்தது நீங்கள்தான் முதல் ஆள்" என்றாள். கேலியா, ஆறுதலா தெரியவில்லை. அடுத்த டிராமில் அவளே என்னை ஏற்றி, இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டாவது நிறுத்தம்.

வார்டுக்குள் போனபோது எட்டு நாற்பது. நித்யாவின் கட்டில் காலி.

போர்வை பாதி விலகிக் கிடந்தது. போன் சார்ஜரில் இருந்தது. என் டம்ளருக்குள் அவள் கம்மல் இரண்டும் கிடந்தன. ஆபரேஷனுக்குத்தான் கம்மலைக் கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில் பாட்டி என்னிடம் நீளமாக ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. கையைக் கீழே காட்டினாள். கீழே என்றால் ஸ்கேன் அறையா, தியேட்டரா? நர்ஸைத் தேடிப் போனேன். அவள் என் தோளைத் தொட்டு, நடைவழி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. கம்மலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தேன். அந்த டிராமில் நான் ஏறியிருக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு. அப்படியே ஓடியே வந்திருந்தால் கண்ணால் பார்த்திருக்கலாமே என்று இன்னொரு நினைப்பு. ஒன்பதாயிற்று. ஒன்பது ஐந்து ஆயிற்று. இப்போதிலிருந்து என் கார்டு செல்லும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாளைக்கு இந்த ஊரில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான் அந்த பெஞ்சைவிட்டு எழவில்லை.

ஒன்பதரைக்கு நித்யா சக்கர நாற்காலியில் வந்தாள்.

"தியேட்டர் வேணாமாம்" என்றாள் தூரத்திலிருந்தே. "மருந்துலயே கரைஞ்சிகினு வருதாம். நீ ஏன் இப்படி நிக்கற? ஒக்காரு, உளுந்துடப் போற." பிறகு, "ஒம்போது அஞ்சின்னு எழுதியிருந்தியே, எப்படி வந்த?" என்றாள்.

"வந்தேன்" என்றேன்.

செவ்வாயன்று காலை கஞ்சியை வார்டு வாசலில் கொடுத்துவிட்டு மூன்று மணிவரை வெளியே காத்திருக்க வேண்டியிருந்தது. பனி. காது வலித்தது. அப்போதுதான் கார்டின் இன்னொரு பயன் தெரிந்தது. அதைக் காட்டி ஒரு மியூசியத்துக்குள் போனேன். உள்ளே கதகதப்பு. கழிவறை அவ்வளவு சுத்தம். உட்கார நீள இருக்கை. என்ன பார்த்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓர் ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்து புளிசாத டப்பாவைத் திறக்கப் போய், காவலர் விரலை ஆட்டியதும் மூடிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், ஓவியத்தில் ஒரு தாய் இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வேறு அறைக்குப் போனேன். அங்கே வெறும் பழங்கள், கிண்ணங்கள். இரண்டு மணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செக்கிங் அன்று இரண்டு முறை வந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே கார்டை நீட்டினேன். இன்னொரு முறை நான் நீட்டிய ஆள் செக்கிங்கே இல்லை. சாதாரணப் பயணி. அவர் கார்டைப் படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

புதன் மாலை குழாயை எடுத்துவிட்டு நித்யாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அறைக்கு வந்ததும் என் கோட்டுப் பையில் மிட்டாய் தேடியவள் அந்த ரசீதை எடுத்தாள். அவளுக்கு அந்த மொழி படிக்கத் தெரியும்.

"இன்னாமா இது? திங்கக்கெழம எட்டு பத்து." மேலும் படித்தாள். "புட்ச்சிட்டாங்களா ஒன்ன? ஏன் சொல்லல?"

"நீ ஒடம்பு சரியில்லாம கீற. பயந்துப்பன்னுதான்."

சொல்லி முடித்ததும் ஸ்ரவந்தி சமையல் மேடைப் பக்கம் போய்விட்டாள்.

"நாலு நாளு" என்றேன். "வயித்தக் கிழிச்சிக்கினு படுத்திருந்துகினு, வெயில் அடிக்குதுன்னு எழுதன நீயி."

"வெயில் அடிச்சதுமா" என்றாள். பிறகு அழுதாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் அழ முடிந்தது. நானும் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, "ஒன் கார்டு இன்னும் ஒரு மணி நேரம் கீது, வா" என்று அவளே கிளப்பினாள். கொஞ்சம் நடக்கச் சொல்லி டாக்டரும் சொல்லியிருந்தார். ஆற்றோரமாக ஓடும் டிராமில் உட்கார்ந்தோம். டான்யூப் ஆறு சாம்பல் நிறத்தில் அகலமாகப் போனது. பாலங்கள், அக்கரையில் குன்று, அதன்மேல் அரண்மனை. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் அவள் சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்தவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு எழுந்துவிட்டேன்.

"இன்னும் ரெண்டு ஸ்டாப்பு கீதுமா. ஏழு நிமிஷம் கீது."

"எறங்கு."

இறங்கி நடந்தோம். ஒரு கை வயிற்றில், ஒரு கை என் தோளில். அவள் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு பாலத்தடியில் நின்றாள். போனைப் பார்த்தாள். "ஒம்போது அஞ்சி. முடிஞ்சிது ஒன் கார்டு" என்றாள். சற்றுப் பொறுத்து, "இனிமே டெய்லி இந்த டைமுக்கு ஒரு மெசேஜ் போடறேன். நல்லாருந்தா நல்லாருக்கேன். இல்லன்னா இல்ல. பொய் போட மாட்டேன். நீயும் போடக் கூடாது" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பிவிட்டேன்.

ஆகவே, தாமல் அம்மாவுக்கு: கார்டை வாங்குங்கள். ஊர் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் தேறும். வண்டி ஏற மட்டும் என்றால் மலிவான சீட்டு வேறு இருக்கிறது. குளிருக்கு ஒதுங்கவும் கழிவறைக்கும் மியூசியம் நல்லது, டப்பாவைத் திறக்காதீர்கள். நேரத்தை மட்டும் வண்டியில் காலை வைக்கும்போது எழுதுங்கள், முதல் நாளே எழுதாதீர்கள். பேனா கையில் இருக்கட்டும். உங்கள் மகனுக்கு ஒன்றும் இல்லை, நல்லபடியாக இருக்கிறான் என்று சொன்னீர்கள். அவன் வாயால் கேட்டீர்களா?

அவர்கள் ஊர் ஒன்பது ஐந்து என்றால் நமக்குப் பகல் ஒன்று முப்பத்தைந்து. அஞ்சலகத்தில் அந்த நேரத்துக்கு யார் வந்தாலும் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பேன். ஊரில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. "பொண்ணு மெசேஜ் வரட்டும், அப்பால பணம் கட்டிக்கறேன்" என்று அவர்களே ஓரமாக நிற்பார்கள்.

இன்றைக்கு ஒன்று நாற்பத்தொன்றுக்குத்தான் வந்தது. நல்லாருக்கேன், பஸ்ஸில் சிக்னல் இல்லை என்று போட்டிருந்தாள். அந்த ஆறு நிமிஷமும் ஒரு தபாலட்டையின் மேல் முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்திருக்கிறேன். கை வலித்தபோதுதான் தெரிந்தது.